பறங்கிப் புண்ணும் ஆறு பெண்களும்

நோய்க்கு மருந்து காணும் அறிவு மனிதனுக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. நோய்க்குப் பெயர் சூட்டும் சூழ்ச்சியோ அதற்கு முன்னமே வந்துவிட்டது. நம் சித்த மருத்துவ ஏடுகளைப் புரட்டுங்கள். 'பறங்கிப் புண்' என்றொரு நோயைக் காண்பீர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பகுதியில் கரையிறங்கினான். அதற்குப் பின் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு வந்து சேர்ந்ததாகக் கருதப்பட்ட மேகநோய்க்குத் தமிழன் இட்ட பெயர் அது. வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசமும் 'பிரங்க ரோகம்' என்றே அதைக் குறித்தது. சரி, அந்தப் பறங்கியர் நாடுகளில் அதற்கு என்ன பெயர்? இத்தாலியன் அதைப் 'பிரெஞ்சு நோய்' என்றான். பிரெஞ்சுக்காரன் 'நேபிள்ஸ் நோய்' என்றான். ருசியன் 'போலந்து நோய்' என்றான். துருக்கியனோ, 'கிறித்தவர் நோய்' என்று ஒரேயடியாக முடித்துவிட்டான்.

பெயர்கள் பல, உள்ளக்கிடக்கை ஒன்றே. இந்த அழுக்கு எங்கள் வீட்டில் சேர்ந்ததன்று, அடுத்த வீட்டான் கொண்டுவந்து கொட்டியது, நாங்கள் தூயவர்கள், எங்கள் குலம் தூயது, எங்கள் பெண்டிர் தூயவர்! 1905இல் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் நுண்ணோக்கியின் வழியே அந்த நோயின் கிருமியைக் கண்டார்கள். அது பறங்கியாகவும் இல்லை, துருக்கியாகவும் இல்லை. தக்கைத் திருகி போல் சுருண்டு கிடந்த ஓர் உயிராக இருந்தது. அதற்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எய்ட்ஸ் என்னும் நோய் உலகில் தோன்றியபோது, அதே நாடகம் அதே வசனங்களோடு மறுபடியும் அரங்கேறிற்று. அதில் முக்கியமான ஒரு காட்சி நடந்த இடம் நம் சென்னை மாநகரம். அந்தக் காட்சியில் இருவகைப் பெண்கள் வருகிறார்கள்: உண்மையைத் தேடிப் போன பெண்கள், அந்த உண்மையைத் தம் குருதியில் சுமந்திருந்த பெண்கள். முன்னவர்க்குக் காலம் கடந்தேனும் புகழ் வந்தது. பின்னவர்க்கு என்ன வந்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் தன் வார ஏட்டில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உடல்நலத்தோடு இருந்த ஐந்து இளைஞர்களுக்கு, எதிர்ப்பாற்றல் அற்றுப்போனவர்களுக்கு மட்டுமே வரும் அரிதான நுரையீரல் காய்ச்சல் வந்திருக்கிறது என்பது செய்தி. அடுத்த ஆண்டில் அந்த நிலைக்கு எய்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். 1983இல் பாரிசில், பாஸ்டர் நிலையத்தில், பிரான்சுவாஸ் பாரே சினூசி என்ற பெண் அறிவியலாளரும் லூக் மோந்தானியேயும் அவர்தம் குழுவினரும் நோயை விளைக்கும் நச்சுயிரைப் பிரித்தெடுத்தனர். 2008இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1985இல் குருதியில் அந்த நச்சுயிரின் அடையாளத்தைக் காணும் எலைசா சோதனை நடைமுறைக்கு வந்தது.

எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு. படித்தவர்கள்கூட இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி, தடுப்பாரின்றிப் பல ஆண்டுகள் உடலை ஆண்டபின் வரும் நிலை. நம் குருதியில் வெள்ளை அணுக்கள் காவற்படையாக உலவுகின்றன. அவற்றுள் சி.டி.4 என்ற ஒருவகை அணு, மற்றப் படைகளுக்குக் கட்டளையிடும் தளபதி போன்றது. பிற கிருமிகள் வயல்களைக் கொள்ளையிடும். இந்தக் கிருமியோ தளபதியின் பாசறைக்குள்ளேயே புகுந்து, அவனையே தன் படிகளை அச்சிடும் கூடமாக்கி, பின் அவனைக் கொன்றுவிடுகிறது. மருந்து உண்ணாத ஒருவர் எட்டுப் பத்து ஆண்டுகள்கூட எந்த நோய்க்குறியும் இன்றி, உழுது, உழைத்து, சிரித்து வாழலாம். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஐந்நூறுக்கு மேல் இருக்கவேண்டிய சி.டி.4 அணுக்கள் இருநூறுக்கும் கீழே இறங்கும்போது கோட்டை வாயில் திறந்துவிடுகிறது. காசநோய் நுழைகிறது; வாய்ப்புண், கழிச்சல், மூளைக்காய்ச்சல் என்று வரிசையாக நுழைகின்றன.

இந்தக் கிருமி கடவுளின் சினத்திலிருந்தும் வரவில்லை, கலியுகத்தின் தீமையிலிருந்தும் வரவில்லை. நடு ஆப்பிரிக்கக் காடுகளில் சிம்பன்சிக் குரங்குகளின் உடலில் இதன் மூதாதை நச்சுயிர் வாழ்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாடி இறைச்சி அறுத்த யாரோ ஒருவரின் கைக்காயத்தின் வழியே அது மனிதனுக்குத் தாவியிருக்க வேண்டும் என்று மரபணு ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். பிறகு ஆறும் இரயிலும் நகரமும் அதைச் சுமந்தன.

சென்னைக்கு வருவோம்.

1985ஆம் ஆண்டின் முடிவில் இந்நாட்டு ஏடுகளைப் படித்தவர்க்கு எய்ட்ஸ் ஓர் அமெரிக்க வேடிக்கை. மேனாட்டான் கட்டுப்பாடற்றவன், ஆதலால் அவனுக்கு வருகிறது; நமக்கோ வேதம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பண்பாடு இருக்கிறது, ஆதலால் வராது. இந்த 'ஆதலால்' எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டவர் ஒரு பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன். தம்மிடம் மேற்பட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற 32 வயது மாணவியிடம், ஆராய்ச்சிப் பொருளாக எய்ட்ஸையே எடுத்துக்கொள் என்றார்.

நிர்மலா நடுத்தரக் குடும்பத்துப் பெண். ஒழுக்கக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். விலைமாதர் என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்லத் தயங்கும் சூழலிலிருந்து வந்தவர், அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். முதலில் அஞ்சினார், மறுத்தார். 'போய்ச் செய்' என்று ஊக்கியவர் அவருடைய கணவர் வீரப்பன் இராமமூர்த்தி. பம்பாயைப் போல, கல்கத்தாவைப் போல, சென்னையில் தனியே ஒரு பரத்தையர் தெரு இல்லை. எனவே நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையின் மேகநோய்ப் பிரிவுக்கு வரும் பெண்களோடு பழகி, அவர்கள் வழியாக, பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த அரசுக் காப்பில்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கையுறை இல்லை; தனி ஆய்வுக்கூடம் இல்லை. மூன்று மாதங்களில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம் குருதி எடுத்தார். ஆசிரியரும் மாணவியும் கையில் கிடைத்ததைக் கொண்டு அமைத்துக்கொண்ட சிறு ஆய்வுக்கூடத்தில் குருதித் தெளிவைப் பிரித்தார்கள். சேமிக்க இடமின்றி நிர்மலாவின் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தார்கள்.

சென்னையில் எலைசா சோதனை செய்யும் வசதி இல்லை. இருந்த இடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் குருதிச் சிமிழ்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, இரவு இரயிலேறி வேலூருக்குக் கொண்டு சென்றனர். அங்கே நச்சுயிரியல் துறைத் தலைவர் ஜேக்கப் ஜானும் அவர் துணைவரும் சோதனை நடத்தினர். எதிர்பார்ப்பு என்ன? எல்லாம் தெளிவாக இருக்கும், 'எம் நாட்டில் இல்லை' என்று கட்டுரை எழுதி முடித்துவிடலாம் என்பதே. ஆனால் ஆறு குழிகளில் நீர் மஞ்சளாக மாறிற்று. ஆறு பெண்களின் குருதி.

மறுபடியும் குருதி எடுத்தார்கள், மறுபடியும் அதே முடிவு. அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு முறையாலும் உறுதி செய்தார்கள். 1986 மே மாதத்தில், எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் நலவாழ்வுத் துறை அமைச்சராயிருந்த டாக்டர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். வேதமும் பண்பாடும் காவல் நின்ற நாட்டில் கிருமி ஏற்கெனவே குடியேறிவிட்டிருந்தது!

இந்த ஆய்வைச் செய்த இருவரையும் நான் போற்றுகிறேன். நிர்மலாவின் ஆய்வேடு 1987இல் நிறைவு பெற்றது. பின்னர் கிண்டி கிங் நிலையத்தில் பணிபுரிந்து 2010இல் ஓய்வு பெற்றார். கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்; சிமிழைத் தூக்கிக்கொண்டு இரயிலேறினார்; அதுதான் பகுத்தறிவு. ஆனால் போற்றுவதோடு நின்றுவிட்டால் நாம் வரலாறு எழுதுகிறவர் ஆகமாட்டோம். அந்தப் பெண்களிடம், 'இது எய்ட்ஸ் சோதனை' என்று சொல்லப்படவில்லை. வழக்கமான மேகநோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். எழுத்தறியாதவர், சொன்னாலும் விளங்காது என்பது அன்றைய கருத்து. காப்பில்லத்தில் அடைபட்டவர் கை நீட்டுவது இசைவாகுமா? சாவி தன் கையில் இல்லாதவர் சொல்லும் 'சரி'க்கு என்ன பொருள்? அன்று மருத்துவ உலகம் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியிருக்கவில்லை.

முடிவு தெரிந்தபின் நடந்தது அதனினும் கொடிது. கிருமி இருப்பதாகக் காணப்பட்ட பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும், வெளியே விட்டால் நோயைப் பரப்புவார்கள் என்று அடைத்தே வைத்தார்கள். குற்றம் என்ன? குருதி. தீர்ப்பளித்தவர் யார்? எவருமில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதி மன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, 1990இல், அப்படி அடைபட்டிருந்த பெண்களுக்கு விடுதலை கிடைத்தது.

வரலாறு படித்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்து இராணுவ முகாம்களை ஒட்டி 'லாக் ஆஸ்பத்திரி' என்று ஒன்றை வெள்ளையர் நடத்தினர். சிப்பாய்க்கு மேகநோய் வந்தால், ஊரிலுள்ள பெண்களைப் பிடித்து, சோதித்து, அங்கே பூட்டிவைப்பது வழக்கம். 1868இல் அதற்கென்றே தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்றை இந்தியாவில் இயற்றினர். சிப்பாய் வேலைக்குப் போவான், பெண் பூட்டுக்குள் கிடப்பாள். இங்கிலாந்தில் இதே போன்ற சட்டத்தை ஜோசபைன் பட்லர் என்னும் அம்மையார் ஊர் ஊராகச் சென்று எதிர்த்துப் போராடினார். அங்கே 1886இலும், இங்கே 1888இலும் சட்டம் நீக்கப்பட்டது. வெள்ளையன் நீக்கிய பூட்டை, விடுதலை பெற்ற நாடு நூறு ஆண்டு கழித்துத் துருத் துடைத்து எடுத்து மாட்டிற்று. அந்த ஆறு பெண்களிடம் வந்துபோன ஆண்கள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவரையேனும் தேடிப் பிடித்துப் பூட்டினார்களா?

பெண்கள் மட்டுமே இப்படி நடத்தப்பட்டார்கள் என்றும் எண்ணிவிட வேண்டா. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் குருதிக்கொடை அளித்துவந்தவர். 1989இல் அவருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. காவலர் வந்து கொண்டுபோய், பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் தனியே அடைத்துவைத்தனர். அதற்கு இடந்தரும் சட்டமே கோவாவில் இருந்தது. அவர் நீதிமன்றம் சென்றார், வெளியே வந்தார், இயக்கம் கட்டினார், 1992இல் மறைந்தார். அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரே, அயல்நாட்டாரோடு இந்தியர் உடலுறவு கொள்வதைச் சட்டத்தால் தடுக்கலாமா என்று பேசினார். ஆப்பிரிக்க மாணவர்களைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தித் திருப்பியனுப்பினார்கள். பறங்கிப் புண் என்று பெயர் வைத்த அதே மூளைதான், தோழர்களே! நம் ஊர் ஆண்மகனைத் தவிர உலகத்தில் எல்லோர் மேலும் ஐயம்.

இந்த மலையில் எங்கள் ஊர் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்டது, பெண்கள் உயர்கல்வி பெறவென்றே ஏற்பட்ட பல்கலைக்கழகம். அதே ஊரைச் சுற்றிய பள்ளிகளில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தம் உடலைப் பற்றிய பாடத்தை, 'நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிச் செல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நான் தாண்டவில்லை. பாடம் முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், அந்த நோய் இருக்கிறவங்க பிடிச்ச பஸ் கம்பிய நாம பிடிச்சா நமக்கும் வந்துருமா?" வத்தலக்குண்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அந்தக் கம்பியைப் பிடித்தே வளர்ந்த பிள்ளை அவள். அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லாத பெரியவர்கள்தாம் கெட்டவர்கள்.

வராது, பெண்ணே. கம்பியால் வராது. கை குலுக்கினால், ஒரே தட்டில் உண்டால், ஒரே கிணற்றில் நீர் இறைத்தால், இருமினால், தும்மினால், கட்டிப்பிடித்து அழுதால் வராது. கொசுவும் அட்டையும் கடித்து வராது. காற்றிலும் நீரிலும் இந்தக் கிருமியால் வாழ முடியாது. மனித உடலுக்கு வெளியே அது மிக எளியது. வரும் வழிகள் நான்கே: பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதியை ஏற்றுதல், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுதல், கருவிலோ, பேற்றின்போதோ, பால் ஊட்டும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்கு. முதல் வழியை ஆணுறை அடைக்கிறது. இதை எழுத ஏன் கூச வேண்டும்? கூசியதால் செத்தவர்கள் எத்தனை பேர்!

அந்த நான்கில் குருதி வழியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1989இல் கொடைக்குருதி ஒவ்வொன்றையும் எச்.ஐ.வி.க்குச் சோதிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஆனால் பசிக்காகக் குருதி விற்கும் ஏழைகள் அன்று மருத்துவமனை வாயில்களில் வரிசையில் நின்றார்கள். 1996இல் உச்சநீதி மன்றம் தந்த தீர்ப்பினால் 1998 முதல் நாளிலிருந்து குருதி விற்பனை நின்றது. இத்தனைக்குப் பிறகும் 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கிருமியுள்ள குருதி ஏற்றப்பட்டது. அது எப்படி வெளியே தெரிந்தது? குருதி கொடுத்த இளைஞரே, வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தம் நிலையறிந்து, தாமே வந்து சொன்னார். 'என் குருதியை எவருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்று சொல்ல வந்தவர். காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த இளைஞர் நஞ்சுண்டார். சில நாட்களில் மாண்டார். அவரைக் கொன்றது எச்.ஐ.வி. அன்று. 2018இல் எச்.ஐ.வி. எவரையும் அப்படிக் கொல்ல வேண்டியதில்லை; மருந்து இலவசமாகக் கிடைத்த காலம் அது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் கொன்றது. அந்தத் தாய்க்குக் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கிருமி இல்லை.

1990களில் நம் சுவர்களில் ஒரு வாசகம் எழுதினார்கள்: 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று வாழ்ந்தால் எய்ட்ஸ் அணுகாது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாமக்கல் வட்டாரத்தைப் பாருங்கள். லாரித் தொழில் செழித்த மண். ஓட்டுநர்கள் பல வாரம் வீடு திரும்பாமல் நாடெங்கும் ஓட்டியவர்கள். அங்கே நோய் கண்ட மனைவியரில் பெரும்பாலோர், அந்தச் சுவர் வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் பின்பற்றியவர்கள்! ஒருவனைத் தவிர மற்றவன் முகம் பாராதவர்கள். கற்பு என்ற சொல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவில் வைக்காத சமுதாயம், கிருமிக்கு ஒரு வாயிலைத் திறந்துவைத்து, அந்த வாயிலில் மனைவியை நிறுத்திற்று. கணவன் இறந்தபின் 'நீதான் அவனைக் கொன்றாய்' என்ற பழியும் அவள் தலையில். சொத்தும் இல்லை, சில வீடுகளில் சோறும் இல்லை. அந்த நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி, மணமான சிறு காலத்திலேயே கணவர் வழியாகக் கிருமி பெற்றவர், 1998இல் சென்னையில் தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் மேடையேறிய அந்தத் துணிவுக்கு முன்னால், சுவர் வாசகம் எழுதியவர்கள் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும். (2000களின் தொடக்கத்தில், 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழகமெங்கும் பலகை வைத்தார்கள். கேலிப்பேச்சாகிவிட்டது என்று பலர் குறைகூறினர். எனக்கு அதில் குறையில்லை. முதன்முறையாகக் கேள்வி ஓர் ஆணின் பெயரோடு வந்தது.)

டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மருத்துவ நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் விடுதி, அரசு மருத்துவமனையாக வளர்ந்திருந்தது. 1990களில், வேறெங்கும் சேர்க்க மறுக்கப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகளை அது சேர்த்துக்கொண்டது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. ஆனால் மருந்து? 1996இல், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கிவிடுகிறது என்று மேனாட்டில் கண்டுவிட்டனர். ஓராண்டு மருந்தின் விலை பத்தாயிரம் டாலருக்கும் மேல். உசிலம்பட்டி உழவன் ஊரையே விற்றாலும் வாங்க முடியாது. பம்பாய் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது 2001 பிப்ரவரியில், அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அறிவித்தார். எப்படி முடிந்தது? 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்துகொள்ள வழியிருந்தது. ஒரு சட்டப் பிரிவு எத்தனை உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நம் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாயிற்று. தொடக்க மையங்களில் தாம்பரமும் ஒன்று.

மருந்து கிடைக்காத இடைக்காலத்தில் போலிகள் பிழைத்தனர். இலேகியம், பற்பம், மந்திரித்த நீர், செபம் என்று முற்றாகக் குணப்படுத்துவதாகச் சொல்லி வீட்டையும் நகையையும் விற்கவைத்தார்கள். போலிக்கு நாட்டெல்லை இல்லை. தென்னாப்பிரிக்காவில் தாபோ உம்பெக்கி குடியரசுத் தலைவராக இருந்தபோது, எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே ஐயுற்றார். அவருடைய நலவாழ்வு அமைச்சர் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் உண்ணச் சொன்னார். மருந்தைத் தாமதப்படுத்தியதால் மூன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. இரசத்துக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. எச்.ஐ.வி.யை அது ஒன்றும் செய்யாது.

செய்வது எது? அதற்கும் சென்னை சான்று கூறிற்று. ஒருவருக்குக் கிருமி இருந்து, துணைவருக்கு இல்லாத 1763 இணையரை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்தார்கள். சுனிதி சாலமனின் நிலையமும் அந்த ஆய்வுக் களங்களில் ஒன்று. 2011இல் முடிவு வந்தது: தொடக்கத்திலேயே மருந்து உண்டவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லின. நாள்தோறும் தவறாமல் மருந்து உண்டு, குருதியில் கிருமியின் அளவு சோதனைக்கே அகப்படாதபடி அடங்கிவிட்டால், அவரிடமிருந்து உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை. தாய்க்கு மருந்தில்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை கிருமியோடு பிறக்கவோ வளரவோ கூடும். மருந்து உண்டால் அது ஐந்துக்கும் கீழே. அப்படியானால் மருந்து உண்பவரை ஊரைவிட்டு ஒதுக்குவதில் என்ன அறிவு இருக்கிறது? ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தால் சோதனைக்கே வராதவரிடமிருந்துதான் கிருமி பரவுகிறது. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்கள் நம் பேருந்திலும் நம் அங்காடியிலும் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். நம் மலைச்சாலையில் காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிப்போகும் லாரியிலும் இருக்கலாம்.

2007இல் பள்ளிகளில் வளரிளம்பருவக் கல்வியைத் தொடங்க மைய அரசு முயன்றபோது, மராட்டியம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் தடுத்தன. அதே பண்பாடு! 1986இல் வேலூர் ஆய்வுக்கூடத்தில் மஞ்சளாக மாறிய அதே பண்பாடு. இளைஞர் மன்றத் தோழர்கள் கூட்டம் போடுகிறார்கள், படிப்பகம் நடத்துகிறார்கள், நூல் விற்கிறார்கள். டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் நாள். அன்று படிப்பகத்தில் மேலே சொன்ன நான்கு வழிகளையும், வராத வழிகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கு எந்தத் தலைவரின் அனுமதியும் வேண்டியதில்லை.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விளக்கிச் சொல்லி இசைவு பெறாமல் சோதனை செய்யக்கூடாது. ஒருவர் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக்கூடாது. கிருமியைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவோ, பள்ளியில் சேர்க்க மறுக்கவோ, வாடகைக்கு வீடு மறுக்கவோ, தனியே பிரித்து அடைத்துவைக்கவோ கூடாது. வேலை தருமுன் எச்.ஐ.வி. சோதனை கேட்பதும் கூடாது. அந்த ஆறு பெண்களுக்கு இந்தச் சட்டம் முப்பத்திரண்டு ஆண்டு தாமதம்.

சோதனை செய்துகொள்ள எண்ணுவோர் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாம். கட்டணம் இல்லை, முடிவு கமுக்கமாகவே இருக்கும். கிருமி நுழைந்த முதல் சில வாரங்களில் சோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே ஐயத்துக்கு இடமான நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். ஊசி குத்தியோ வேறு வகையிலோ கிருமி புகுந்திருக்குமோ என்ற அச்சம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் சில மணிகளுக்குள், மருத்துவமனைக்குச் சென்றால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். தொலைபேசியில் கேட்க 1097 என்ற எண் உண்டு. அழைப்புக்குக் காசு இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.